எவ்வளவு உறக்கம், ஏன் உறக்கம்

போட்ஸ்வானாவின் சோபே தேசியப் பூங்காவில், கூட்டத்தை நடத்திச் செல்லும் இரண்டு மூத்த பெண் யானைகளின் தும்பிக்கைத் தோலுக்கடியில் சிறு அசைவுமானிகளைப் பொருத்தி 35 நாட்கள் கண்காணித்தார்கள். 2017இல் வெளியான அந்த ஆய்வின்படி அவை நாளொன்றுக்குச் சராசரியாக இரண்டு மணி நேரமே உறங்கின. அதுவும் ஒரே மூச்சில் அல்ல, விடியலுக்கு முந்தைய வேளையில் துண்டு துண்டாக. சில இரவுகளில் அறவே உறங்கவில்லை. 46 மணி நேரம்வரை கண்மூடாமல் இருந்ததும் உண்டு. வட அமெரிக்காவின் சிறு பழுப்பு வௌவாலோ நாளில் ஏறத்தாழ 20 மணி நேரத்தை உறக்கத்தில் கழிக்கிறது. யானையின் மூளை ஐந்து கிலோவை நெருங்குவது; வௌவாலின் மூளை ஒரு கிராமுக்கும் குறைவு. உறக்கம் என்பது மூளையைப் பழுதுபார்க்கும் நேரம் என்றால் இந்தக் கணக்கு தலைகீழாக அல்லவா இருந்திருக்க வேண்டும்?

உயிர்கள் ஏன் உறங்குகின்றன என்ற கேள்விக்குக் கடந்த நூற்றிருபது ஆண்டுகளில் உளவியலாளர்களும் நரம்பியலாளர்களும் தந்த விடைகளை ஒருசேரப் படிக்கும்போது ஒன்று புலப்படுகிறது. அவர்கள் ஒரே கேள்விக்கு விடை தேடவில்லை. ஓர் உயிர் எவ்வளவு உறங்குகிறது, எப்போது உறங்குகிறது என்பது ஒரு கேள்வி. உறக்கத்தை முற்றாக விட்டுவிட்டு ஏன் எந்த உயிராலும் வாழ முடிவதில்லை என்பது வேறொரு கேள்வி. முதலாவதற்குப் பொருந்தும் விடையை இரண்டாவதன் மேல் ஏற்றியதால் எழுந்த சண்டைகள்தான் இத்துறையில் பாதி.

ஜெனீவாவின் உளவியலாளர் எதுவார் கிளாபரேத் 1905இல் எழுதிய நீண்ட கட்டுரையிலிருந்து தொடங்குவது பொருத்தம். அவர் காலத்தில் ஓங்கியிருந்த கருத்து எளிமையானது. விழித்திருக்கும்போது உடலில் ஏதோ நச்சு சேர்கிறது, அது மிகும்போது மூளை மயங்குகிறது என்றார்கள். கிளாபரேத் இதை ஏற்கவில்லை. களைப்பே காரணம் என்றால் நாளெல்லாம் ஒன்றும் செய்யாத பச்சைக் குழந்தை ஏன் அவ்வளவு நேரம் உறங்குகிறது? கடும் களைப்பில் சிலருக்கு ஏன் உறக்கமே பிடிப்பதில்லை? அலுப்பூட்டும் சொற்பொழிவில் களைப்பில்லாதவரும் ஏன் கண்ணயர்கிறார்? உறக்கம் நமக்கு நேர்கிற ஒன்றல்ல, நாம் செய்கிற ஒன்று. பசியைப்போல, அச்சத்தைப்போல அதுவும் ஓர் இயல்பூக்கம் என்பது அவர் வாதம். உடல் நொறுங்கிய பிறகு வருவதல்ல, நொறுங்காமல் முன்கூட்டியே காப்பது. உறங்கப்போகும் உயிர் சுற்றுப்புறத்தின் மீதான அக்கறையைத் தானே விலக்கிக்கொள்கிறது என்றும் அவர் சொன்னார். இந்தக் கட்டுரைக்கு இன்று கிடைப்பதைவிட அதிக மதிப்பு கிடைத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். உறக்கத்தை உறுப்புகளின் சோர்வாக மட்டும் பார்க்காமல் ஒரு நடத்தையாகப் பார்த்தது அதன் சிறப்பு.

நச்சுக் கருத்தும் வெறும் ஊகமாக நின்றுவிடவில்லை. பாரிஸில் ஆன்ரி பியெரோன் பல நாட்கள் விழிக்கவைத்த நாய்களின் மூளைத் தண்டுவட நீரை எடுத்து, நன்றாக உறங்கியிருந்த நாய்களுக்குச் செலுத்தினார். அவை உறங்கிப்போயின. ஜப்பானில் குனியோமி இஷிமோரியும் தனியே இதே முடிவுக்கு வந்திருந்தார். விழித்திருக்கும் நேரத்தில் மூளையில் அடினோசின் சேர்கிறது என்பதும், காபியிலுள்ள காஃபின் அந்த அடினோசின் பற்றும் இடங்களை மறித்தே நம்மை விழிக்கவைக்கிறது என்பதும் பின்னாளில் தெளிவாயின. 1982இல் ஜூரிச்சின் அலெக்சாண்டர் போர்பெலி இரு தரப்பையும் ஒரே வரைபடத்தில் சேர்த்தார். விழித்திருக்கும் நேரத்தோடு ஏறிக்கொண்டே போகும் உறக்க அழுத்தம் ஒரு கோடு. பகலிரவை ஒட்டி ஏறி இறங்கும் உடற்கடிகாரம் இன்னொரு கோடு. இரண்டும் சேர்ந்து நாம் எப்போது உறங்குவோம், எப்போது எழுவோம் என்று தீர்மானிக்கின்றன. நாற்பது ஆண்டுகள் கடந்தும் மருத்துவர்கள் இந்தப் படத்தைக்கொண்டே பேசுகிறார்கள். ஆனால் அது உறக்கம் எப்படி வருகிறது என்பதற்கான படம். எதற்காக வருகிறது என்பதை அது தொடவில்லை.

எதற்காக என்பதற்கு உளவியலிலிருந்து வந்த துணிச்சலான விடை 1970களுக்குரியது. அமெரிக்காவில் வில்ஸ் வெப்பும் இங்கிலாந்தில் ரே மெடிஸும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் சொன்னது இது: உறக்கம் எதையும் சரிசெய்வதில்லை, உயிரை அசையாமல் இருத்திவைக்கிறது, அவ்வளவுதான். இரை கிடைக்காத நேரத்தில் அலைவது வீண் செலவு. கண் தெரியாத இருளில் நடமாடுவது ஆபத்து. அந்த நேரத்தில் பொந்தில் கிடக்கும் உயிர் பிழைக்கிறது, குட்டி போடுகிறது. ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு மணி நேரமே உறங்கி நலமாக வாழ்ந்த எழுபது வயது ஓய்வுபெற்ற செவிலி ஒருவரை ஆய்வகத்தில் வைத்துப் பதிவுசெய்ததையும் மெடிஸ் சான்றாகக் காட்டினார். 2009இல் கலிஃபோர்னியாவின் ஜெரோம் சீகல் இந்தக் கருத்தை விலங்குலகம் முழுவதற்கும் விரித்தார். அந்த வௌவால் தின்னும் பூச்சிகள் அந்தி சாய்ந்த சில மணி நேரம்தான் பறக்கின்றன. மீதி நேரத்தில் வெளியே வந்தால் உணவும் இல்லை, பருந்துக்கு இரையாகும் அபாயமும் உண்டு. ஆகவே 20 மணி நேர உறக்கம். யானைக்கு நாளெல்லாம் மேய்ந்தாலும் போதாது. ஆகவே இரண்டு மணி நேரம்.

எவ்வளவு என்ற கேள்விக்கு இதைவிட நல்ல விடையை நான் படித்ததில்லை. உடல் எடை, மூளை எடை, அறிவுத்திறன் என்று எதை வைத்துப் பார்த்தாலும் பிடிபடாத எண்கள், அந்தந்த உயிர் உண்ணும் உணவையும் அஞ்சும் எதிரியையும் கணக்கில் எடுத்ததும் பெருமளவு இடத்தில் உட்காருகின்றன. மனிதருக்கும் இது பொருந்துகிறது. தான்சானியாவின் ஹட்சா, நமீபியாவின் சான், பொலிவியாவின் சிமானே மக்களிடம் சீகல் குழு நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வு, மின்விளக்கு இல்லாத இந்த மூன்று சமூகங்களிலும் சராசரி உறக்கம் 5.7 முதல் 7.1 மணி நேரமே என்றது. முன்னோர் எல்லாரும் பொழுது சாய்ந்ததும் படுத்து ஒன்பது மணி நேரம் உறங்கினர் என்ற நம்பிக்கைக்கு அங்கே இடமில்லை. அவர்கள் பொழுது சாய்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் விழித்திருந்தார்கள். ஹட்சா மக்களிடமே இன்னொரு குழு எடுத்து 2017இல் வெளியிட்ட பதிவு எனக்கு மிகவும் பிடித்தமானது. 33 பேரின் கையில் அசைவுமானியைக் கட்டி 20 நாட்கள் பார்த்ததில், எல்லாரும் ஒரே நேரத்தில் உறங்கிய நிமிடங்கள் மொத்தம் 18தான். இளையவர் பின்னிரவில் படுக்க, முதியவர் முன்னதாக எழ, இடையிடையே யாரேனும் புரண்டு விழிக்க, எவரும் ஏற்பாடு செய்யாமலேயே ஒரு காவல் அமைந்துவிடுகிறது. வயதானால் தூக்கம் கெடுவது நோயல்லாமல் கூட்டு வாழ்வின் பழைய ஏற்பாடாகவும் இருக்கலாம் என்று அந்த ஆய்வாளர்கள் கருதினார்கள்.

ஆனால் மெடிஸின் கோட்பாடு ஓரிடத்தில் இடறுகிறது. அசையாமல் இருப்பதுதான் நோக்கம் என்றால் அசையாமல் விழித்திருக்கலாமே? காதும் கண்ணும் திறந்திருக்க, புதருக்குள் சும்மா படுத்திருக்கும் மான் உறங்கும் மானைவிடப் பாதுகாப்பானது. சுற்றுப்புற உணர்வை விட்டுவிடுவது ஆபத்து. அப்படியிருந்தும் எந்த விலங்கும் உறக்கத்தை விட்டொழிக்கவில்லை. விட்டொழிக்க முடியாத நிலையில் அவை செய்துகொண்ட ஏற்பாடுகள் வியப்பூட்டுபவை.

டால்பின் மூச்சுக்காக அடிக்கடி நீர்மட்டத்துக்கு வந்தாக வேண்டும். அது மூளையின் ஒரு பாதியை உறங்கவிட்டு மறுபாதியால் நீந்துகிறது என்று 1970களில் சோவியத் ஆய்வாளர் லெவ் முகமெதோவ் காட்டினார். ஆய்வாளர் நீல்ஸ் ராட்டன்போர்க் காட்டு வாத்துகளை வரிசையாக உறங்கவைத்துப் பார்த்தார். நடுவிலுள்ளவை பெரும்பாலும் இரு கண்ணையும் மூடின. ஓரத்தில் உள்ளவை கூட்டத்துக்கு வெளிப்புறமான கண்ணைத் திறந்துவைத்து, அதற்குரிய மூளைப் பாதியை விழிக்கவைத்தன. அவரே பின்னர் கலபகோஸ் தீவுகளின் ஃப்ரிகேட் பறவைகளின் தலையில் சிறு பதிவுக் கருவியைப் பொருத்தினார். பத்து நாள்வரை கடல்மேல் பறக்கும் அவை, பறக்கும்போதே உறங்கின. ஆனால் நாளில் 42 நிமிடம் மட்டும். கரையில் 12 மணி நேரத்துக்கு மேல். அண்டார்க்டிகாவில் அடைகாக்கும் சின்ஸ்ட்ராப் பென்குவின்களோ நாளில் பத்தாயிரம் முறைக்கு மேல் நான்கு நொடி நான்கு நொடியாக உறங்கி 11 மணி நேரத்தைச் சேர்த்துக்கொள்கின்றன என்று 2023இல் தெரியவந்தது. இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றப்படும் ஒன்று வெறும் ஓய்வாக இருக்க முடியாது.

விடாமல் விழிக்கவைத்தால் என்ன ஆகும் என்பதைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஆலன் ரெக்ட்ஷாஃபன் 1983இல் காட்டினார். தண்ணீருக்கு மேல் ஒரு வட்டத்தட்டு, அதில் தடுப்புக்கு இருபுறமும் இரண்டு எலிகள். ஓர் எலிக்கு உறக்கம் தொடங்கியதும் தட்டு சுழலும். நடக்காவிட்டால் நீரில் விழும். மற்ற எலியும் அதே அளவு நடக்க நேர்ந்தாலும் தட்டு நிற்கும்போதெல்லாம் அது உறங்கலாம். உறக்கம் மறுக்கப்பட்ட எலிகள் கூடுதலாகத் தின்றும் மெலிந்தன, தோல் புண்ணாயிற்று, உடல் வெப்பம் சரிந்தது, இரண்டு மூன்று வாரங்களில் இறந்தன. அறுத்துப் பார்த்தும் சாவுக்கான ஒற்றைக் காரணம் எதுவும் அகப்படவில்லை. அந்தச் சோதனைகளைப் படிப்பது இன்றும் வேதனை தருகிறது. இனி ஒருமுறை அவற்றைச் செய்ய எந்த அறநெறிக் குழுவும் இசையக் கூடாது என்றே நினைக்கிறேன். மெடிஸின் கோட்பாடு இரண்டாம் கேள்விக்கு விடையாகாது என்பதை நிலைநாட்டியவை அவைதான்.

உளவியல் அதிகம் பேசியது கனவைப் பற்றி. நான் அதைச் சுருக்கமாகவே சொல்வேன். ஃப்ராய்டுக்குக் கனவு உறக்கத்தின் காவலாளி. அடக்கிய விருப்பங்கள் வேடமிட்டு நிறைவேறுவதால் உறக்கம் கலைவதில்லை. 1953இல் சிகாகோவில் யூஜின் அசெரின்ஸ்கியும் நதானியேல் கிளைட்மனும் மூடிய இமைகளுக்குள் விழிகள் விரைந்து அசையும் உறக்கக் கட்டத்தைக் கண்டறிந்தார்கள். அந்த விழியசைவு உறக்கத்தில் எழுப்பப்பட்டவர்களில் பெரும்பாலோர் கனவைச் சொன்னார்கள். லியோனில் மிஷெல் ழூவே, அந்நேரத்தில் தசைகளைத் தளர்த்திவைக்கும் மூளைத்தண்டுப் பகுதியைப் பூனைகளில் சேதப்படுத்தியபோது, உறங்கும் பூனை எழுந்து இல்லாத எலியைப் பதுங்கித் தாக்கியது. பிறவியிலேயே அமைந்த நடத்தைகளை மூளை ஒத்திகை பார்க்கும் நேரம் அது என்றார் ழூவே. ஆபத்தை ஒத்திகை பார்க்கிறோம் என்று பின்லாந்தின் அந்தி ரெவோன்சுவோ 2000இல் அதை வேறு திசையில் கொண்டுபோனார். மூளைத்தண்டிலிருந்து எழும் தற்செயலான தூண்டல்களை மூளைப்புறணி கதையாகத் தைத்துவிடுகிறது என்பது 1977இல் ஹாப்சனும் மெக்கார்லியும் சொன்னது. வேண்டாத நினைவுத் தொடர்புகளைக் கழிக்கவே கனவு என்றார்கள் 1983இல் பிரான்சிஸ் கிரிக்கும் கிரேம் மிட்சிசனும்.

இவற்றுள் அழகானவை பல. ஆனால் கனவின் உள்ளடக்கத்திலிருந்து உறக்கத்தின் நோக்கத்துக்குப் பாலம் கட்ட முயன்ற எதுவும் விலங்குகளின் முன் நிற்கவில்லை. விழியசைவு உறக்கத்தில் அதிக நேரம் கழிப்பதாக அறியப்பட்ட பாலூட்டி ஆஸ்திரேலியாவின் பிளாட்டிபஸ். அறிவுக்குப் பெயர்போன டால்பினிடம் அது ஏறக்குறைய இல்லவே இல்லை. கடலில் இருக்கும் வாரங்களில் வடக்குக் கடல்நாய்கள் அதைப் பெரும்பாலும் துறந்துவிடுகின்றன, கரைக்கு வந்ததும் இழந்ததை ஈடுகட்டுவதும் இல்லை.

இன்று பாடநூல்களில் முதலிடம் பெறுவது நினைவுக் கோட்பாடு. 1924இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸும் டாலன்பாக்கும் இரண்டே இரண்டு மாணவர்களைப் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்யவைத்தார்கள். எட்டு மணி நேரம் கழித்து, இடையில் உறங்கியவருக்குப் பாதிக்கு மேல் நினைவிருந்தது. விழித்திருந்தவருக்குப் பத்தில் ஒன்றுதான். அவர்கள் இதிலிருந்து பெற்ற முடிவு அடக்கமானது. மறதி என்பது தானாகத் தேய்வதல்ல, புதிய அனுபவங்கள் பழையவற்றின் மீது ஏறி அழிப்பது. உறங்குபவருக்குப் புதிய அனுபவம் இல்லை, ஆகவே மறதி குறைவு. அதாவது உறக்கம் வெறும் தடுப்புச்சுவர். நினைவை உறக்கம் முனைந்து உறுதிப்படுத்துகிறது என்ற கருத்துக்கு வலுவான சான்று 1994இல் வந்தது. பகலில் எலி ஓர் இடத்தில் நடமாடும்போது மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதியில் சேர்ந்து துடித்த நரம்பணுக்கள், பின்னர் அது உறங்கும்போதும் சேர்ந்தே துடித்ததை மேத்யூ வில்சனும் புரூஸ் மெக்னாட்டனும் பதிவுசெய்தார்கள். பகற்பொழுது இரவில் திரும்ப ஓடுகிறது. விஸ்கான்சினின் ஜூலியோ தொனோனியும் கியாரா சிரெல்லியும் 2003இல் மறுதலையாகச் சொன்னார்கள்: விழிப்பில் எல்லா நரம்பிணைப்புகளும் வலுத்துக்கொண்டே போகின்றன, அப்படியே விட்டால் புதிதாகக் கற்க இடமிராது, ஆகவே உறக்கம் அவற்றைத் தளர்த்துகிறது. 2017இல் அவர்கள் சுண்டெலிகளின் மூளையை மின்னணு நுண்ணோக்கியில் அளந்தபோது, உறங்கியெழுந்தவற்றின் நரம்பிணைப்புகள் சராசரியாக 18 விழுக்காடு சிறுத்திருந்தன. கிரிக்கின் ஊகம் கனவிலிருந்து நகர்ந்து ஆழ்ந்த உறக்கத்தில் புது உருவம் எடுத்ததாக இதைப் படிக்கலாம்.

நினைவுக்கு உறக்கம் உதவுகிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. தேர்வுக்கு முந்தைய இரவு கண்விழித்துப் படிக்கும் பிள்ளைகளிடம் போய்ப் படுங்கள் என்று சொல்ல இந்தச் சான்றுகள் போதும். ஆனால் உறக்கம் நினைவுக்காகவே தோன்றியது என்பது வேறு கூற்று. இஸ்ரேலில் மூளைத்தண்டில் வெடிச்சிதறல் பாய்ந்த ஒருவருக்கு விழியசைவு உறக்கம் ஏறக்குறைய அற்றுப்போனது. அவர் அதன் பிறகு சட்டம் படித்துத் தேறினார். அந்த உறக்கத்தை அடக்கும் சில மனச்சோர்வு மருந்துகளை நெடுநாள் உட்கொண்டோர் நினைவிழந்து போகவில்லை. பஞ்சாயத்து கூடும் ஆலமரம் பஞ்சாயத்துக்காக முளைத்ததில்லை. வெளியுலகம் உள்ளே வராத நேரம் ஒன்று நாள்தோறும் கிடைத்ததும், மூளை தன் அலுவல்கள் பலவற்றை அந்நேரத்துக்கு ஒதுக்கிக்கொண்டிருக்கலாம்.

இதற்கு வலுவான ஆதரவு மூளையே இல்லாத ஓர் உயிரிடமிருந்து வந்தது. கடலடியில் தலைகீழாகக் கிடக்கும் காசியோபியா என்ற சொறிமீன் இரவில் தன் குடையைப் பகலைவிட மெதுவாகச் சுருக்கி விரிக்கிறது; தொந்தரவுக்கு மெதுவாகவே விழிக்கிறது; இரவெல்லாம் நீரைப் பீய்ச்சி அலைக்கழித்தால் மறுநாள் மந்தமாகிறது. 2017இல் கால்டெக் மாணவர்கள் இதைக் காட்டினார்கள். நரம்புகள் வலையாகப் பரவியிருக்கும் அந்த உயிருக்குக் கனவோ ஹிப்போகாம்பஸோ இல்லை. இரண்டாம் கேள்விக்கான விடை அப்படியானால் உளவியலுக்குக் கீழே, உயிரணுவின் மட்டத்தில் இருக்க வேண்டும். ஹார்வர்டில் 2020இல் செய்த ஆய்வில், உறங்கவிடாத பழ ஈக்களின் குடலில் உயிரணுக்களைச் சிதைக்கும் ஆக்சிஜன் வகைகள் குவிந்தன. அவற்றை முறிக்கும் பொருள்களை ஊட்டியபோது ஈக்கள் உறக்கமின்றியே ஏறக்குறைய முழு ஆயுளும் வாழ்ந்தன. சாவு மூளையிலிருந்துதான் வரவேண்டும் என்று நூறாண்டு நம்பியிருந்த துறைக்கு இது பெரிய திருப்பம். மாறாக, உறக்கத்தில் மூளை தன் கழிவைக் கழுவிக்கொள்கிறது என்று 2013இல் மைக்கன் நெடர்கார்ட் குழு சொன்னது உலகெங்கும் புகழ்பெற்றும், 2024இல் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வு உறங்கும் எலிகளில் அந்தக் கழுவுதல் குறைவதாகவே கண்டது. பொதுமேடைகளில் உறுதியாகச் சொல்லப்படும் இந்தக் கழிவுக் கதையை இப்போதைக்குச் சற்று நிறுத்திவைப்பதே நேர்மை.

இந்த வாதங்கள் ஆய்வகத்துக்கு வெளியே வந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையிலேயே ஒரு சான்று உண்டு. பொருளியலாளர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து, தரவு உள்ளீட்டு வேலை செய்த 452 பேரின் உறக்கத்தை அவர்களின் சொந்த வீடுகளிலேயே அளந்து 2021இல் வெளியிட்டார்கள். அவர்கள் இரவில் எட்டு மணி நேரம் படுக்கையில் இருந்தும் உறங்கியது ஐந்தரை மணி நேரம்தான். வெக்கை, இரைச்சல், கொசு, நெருக்கடி. இரவு முழுக்கத் திரும்பத் திரும்ப விழிப்புத் தட்டியது. காதடைப்பான், கண்மறைப்பு போன்ற பொருள்களையும் ஊக்கத்தொகையையும் கொடுத்து உறக்கத்தை ஏறக்குறைய 27 நிமிடம் கூட்டினார்கள். வேலைத்திறனோ நினைவாற்றலோ மனநிலையோ குறிப்பிடத்தக்க அளவில் உயரவில்லை. வேறொரு பிரிவினருக்கு அலுவலகத்தில் அமைதியான இடத்தில் மதியம் அரை மணி நேரம் உறங்க இடம் தந்தார்கள். இவர்களுடைய கவனமும் மனநலமும் வேலைத்திறனும் உயர்ந்தன. உறங்கிய அரை மணியில் வேலை செய்திருந்தால் வந்திருக்கும் கூலியை அது ஈடுகட்டவில்லை என்பதையும் ஆய்வாளர்கள் மறைக்காமல் எழுதினார்கள்.

மணிக்கணக்கை மட்டும் கூட்டினால் போதும் என்ற அறிவுரை இங்கே தோற்கிறது. வீட்டில் கூடிய நிமிடங்கள் துண்டுபட்ட உறக்கத்தின் இன்னொரு துண்டு. அலுவலகத்தில் கிடைத்தது குலையாத உறக்கம் என்பது நம்பத்தகுந்த விளக்கம். நான்கு நொடித் துண்டுகளைக் கோத்து உறங்கும் பென்குவின் தன் குஞ்சுகளை வெற்றிகரமாக வளர்க்கிறது. மனிதருக்கு அத்தகைய துண்டுகள் ஏன் உதவவில்லை என்பதை நினைவுக் கோட்பாடும் உயிரணுக் கோட்பாடும் இதுவரை விளக்கவில்லை. அதை விளக்கும் சோதனைகளைக் குளிரூட்டிய ஆய்வக அறைகளில் செய்து பயனில்லை. ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கும் வீடுகளில், கோடை இரவுகளில், அங்கு உறங்குகிறவர்களின் இசைவோடு செய்ய வேண்டும்.